செறிவும் தாக்கவீதமும்

இரசாயனத் தாக்கமொன்று எவ்வளவு விரைவில் நிகழும் என்பதை அதன் சமன்பாடு கூறுமா? கூறும் என்றே மாணாக்கர் பலர் கருதுவர். தாக்கிகளின் செறிவு கூடின் மூலக்கூறுகளின் மோதல்கள் மிகும்; மோதல்கள் மிகின் தாக்கமும் விரையும் என்பது மெய்யே. ஆயின், எப்பொருளின் செறிவு எவ்வளவிற்கு வீதத்தை மாற்றும் என்னும் வினாவிற்குச் சமன்பாட்டினுள் விடையில்லை. அதனை அளந்தே அறிதல் வேண்டும். அவ்வாறு அளந்து, கணித விதியாக எழுதிய முதல்வர் என மதிக்கப்படுபவர் வில்கெல்மி என்னும் செர்மானியராவர்.

1850 இல் அவர் எடுத்துக்கொண்டது கரும்பு வெல்லக் கரைசல். அதனுள் அமிலமிடின், வெல்லம் நீருடன் தாக்கமுற்றுக் குளுக்கோசு, பிரற்றோசு என இரண்டாகப் பிரியும். நிறம் மாறுவதில்லை, வாயு எழுவதில்லை, படிவு வீழ்வதுமில்லை. கண்ணுக்குப் புலனாகாத இம்மாற்றத்தை அவர் முனைவாக்கிய ஒளியின் துணையால் அளந்தார். வெல்லக் கரைசல் அவ்வொளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். விளைபொருட் கலவையோ இடப்புறம் திருப்பும். எனவே, கரைசலிலிருந்து ஒரு துளியும் எடாமலே எஞ்சிய வெல்லத்தைக் கணித்தல் இயன்றது. இம்முறையைத் தேர்ந்தமையே பாதி வெற்றி எனலாம்.

எஞ்சிய வெல்லத்தின் அளவிற்குத் தாக்கவீதம் நேர்விகிதசமமாயிருத்தலை அவர் கண்டார். 100 பங்கு வெல்லத்தில் 50 பங்கு அழிய 30 நிமிடம் செல்லுமெனக் கொள்க. அடுத்த 30 நிமிடத்தில் எஞ்சிய 50 பங்கும் அழிந்துவிடாது, 25 பங்கே அழியும், அதன்பின் 12.5. இவ்விடத்தில் வழுக்காத மாணாக்கர் சிலரே. வில்கெல்மி 1864 இல் மறைந்தார். அவர் கட்டுரையை ஒசுவால்து உலகிற்கு நினைவூட்டியதோ 1884 இல்.

இனி, இத்தாக்கத்தின் சமன்பாட்டை நோக்குக. நீர் அதில் உண்டு. ஆயின் நீரின் செறிவு விதியிற் தோன்றவில்லை. ஒரு லீற்றர் கரைசலில் 34 கிராம் வெல்லம், அதாவது 0.1 மூல், இருப்பின், நீர் 50 மூலுக்கும் மேலாக இருக்கும். தாக்கம் முற்றுப்பெறினும் செலவாகும் நீர் 0.1 மூலே. செறிவு மாறாத பொருள் மாறிலியினுள் மறைந்துவிடுகின்றது. அமிலமோ சமன்பாட்டில் இல்லை. ஆயினும் அதன் செறிவு கூடின் தாக்கம் விரையும். அமிலத்தின் ஐதரசன் அயன் வெல்ல மூலக்கூற்றோடு சேர்ந்து அதன் பிணைப்பைத் தளர்த்திப் பின்னர் விடுபடுகின்றமையே காரணம்.

வாயுக்களிடையும் இவ்வாறே. ஐதரசன் அயடீனுடனும் புரோமினுடனும் தாக்கமுறும் சமன்பாடுகள் வடிவில் ஒன்றே. போடன்சுதைன் அளந்தபோது, முன்னதன் வீதம் இரு வாயுக்களின் செறிவுகளின் பெருக்கத்திற்கு நேர்விகிதசமமாயிற்று. 1906 இல் அவரும் லிந்தும் பின்னதை அளந்தபோதோ, தாக்கத்தின் தொடக்கத்திற் புரோமின் செறிவின் வர்க்கமூலம் தோன்றிற்று. விளைபொருளாகிய ஐதரசன் புரோமைட்டுத் தானே தாக்கத்தைத் தடுத்தது. புரோமின் அணுக்கள் தனித்துப் பிரிந்து, சங்கிலிபோலத் தாக்கத்தைத் தொடர்கின்றன என்னும் விளக்கம் 1919, 1920 ஆம் ஆண்டுகளிலேயே கிடைத்தது. எளியதென நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட அயடீன் தாக்கத்திலும் தனி அணுக்களுக்குப் பங்குண்டு எனக் காட்டும் ஆய்வைச் சலிவன் 1967 இல் வெளியிட்டார்.