எண்ணைக் கூட்டினால் ஒலி தெளிவாகுமா?

மாணவர்களே, தொலைபேசியில் உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்களா? நீங்கள் “எஸ்” என்பீர்கள், மறுமுனையில் இருப்பவர் “எஃப்பா?” என்று கேட்பார். “இல்லைங்க, சிலாங்கூர் எஸ்” என்று விளக்க வேண்டிவரும். உங்கள் உச்சரிப்பில் குற்றமில்லை. ‘ஸ்’ என்னும் சீறல் ஒலியின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. பழைய தொலைபேசி முறையோ ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். சீறல் வழியிலேயே நின்றுவிடுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் பாட்டியின் குரல். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், ரப்பர் தோட்டத்தில் அவர் பால் வெட்டிய காலத்துக் கதைகளை லினக்ஸ் மடிக்கணினியில் பதிவு செய்தேன். புளூடூத் இயர்போனின் மைக்கைப் பாட்டியிடம் கொடுத்து, ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்து 20 நிமிடம் பேசவிட்டேன். கோப்பின் விவரத்தில் 44,100 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. குறுந்தட்டின் தரமல்லவா என்று மகிழ்ந்தேன். கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

44,100 என்பது என்ன எண்? கணினியால் ஒலியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஒலி அலையின் உயரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே மாதிரி வீதம். ஓர் அலைக்கு முகடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஆகவே ஓர் அலையை இரண்டு முறைக்கு மேல் அளந்தால்தான் அதைத் திரும்ப உருவாக்க முடியும். ஹாரி நைகுவிஸ்ட் 1928இல் தந்தி பற்றிய ஆய்வில் இதற்கு அடித்தளமிட்டார். கிளாட் ஷானன் 1949இல் கணித முறையில் நிறுவினார். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் இரு மடங்கு 40,000. கொஞ்சம் இடம் விட்டு 44,100.

ஏன் 44,000 என்று முழு எண்ணாக வைக்கவில்லை? குறுந்தட்டு 1982இல் விற்பனைக்கு வருவதற்கு முன், இலக்கமுறை ஒலியை வீடியோ நாடாவில்தான் சேமித்தார்கள். ஒரு கோட்டுக்கு 3 மாதிரிகள், 245 கோடுகள், நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள். நம் நாடு பின்பற்றிய பால் தொலைக்காட்சி முறையில் 3 × 294 × 50. அதற்கும் அதே விடைதான் வரும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

பாட்டியின் பதிவுக்கு வருவோம். வீதத்தை உயர்த்தினால் தெளிவாகும் என்று நம்பி, கோப்பை 192,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். 106 மெகாபைட்டாக இருந்தது 461 மெகாபைட்டாக வீங்கியது. குரலில் மாற்றமே இல்லை. பிறகுதான் ஆடாசிட்டியில் அதிர்வெண் படத்தைத் திறந்தேன். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலித்தது என்பதை அது நிறங்களில் காட்டும். 4,000 ஹெர்ட்ஸ் வரை நிறம் இருந்தது. அதற்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமை.

காரணம் இயர்போன். புளூடூத் இயர்போன்கள் பாட்டுக் கேட்க ஒரு முறையிலும் மைக்கில் பேச இன்னொரு முறையிலும் இயங்குகின்றன. மைக்கைத் திறந்தால் பேச்சு முறைக்கு மாறிவிடும். பழைய கருவிகளில் அதன் வீதம் வெறும் 8,000; பிறகு வந்த பலவற்றில் 16,000. 8,000இல் பாதி 4,000. கணினி அந்த 8,000ஐ வாங்கி, இடையிடையே எண்களைக் கணித்து நிரப்பி, 44,100 என்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறது. அளக்காமல் விட்ட சீறலை எந்த எண்ணாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

லினக்ஸில் இதையெல்லாம் நாமே பார்க்க முடியும். ஃபெடோரா 2021இலும் உபுண்டு 2022இலும் பைப்வயர் என்னும் ஒலி அமைப்புக்கு மாறின. அது இயல்பாக எல்லா ஒலியையும் 48,000 ஹெர்ட்ஸில் இயக்கும். 44,100 வீதப் பாட்டைப் போட்டால் 147 மாதிரிகளுக்குப் பதில் 160 மாதிரிகளைக் கணித்துத் தரும். (இரண்டு வீதங்களையும் 300ஆல் வகுத்துப் பாருங்கள்.) கணக்கு நன்றாகச் செய்யப்படுவதால் பெரும்பாலான காதுகளுக்கு வேறுபாடு தெரியாது. ஆனாலும் பாட்டு அதன் சொந்த வீதத்திலேயே ஒலிக்க வேண்டுமானால், பைப்வயரின் அமைப்புக் கோப்பில் அனுமதிக்கப்பட்ட வீதங்களைக் குறிக்கும் வரியைத் தேடுங்கள். முன்னால் உள்ள # குறியை நீக்கி, 48000க்கு அருகில் 44100ஐயும் சேருங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்; உங்கள் கணக்கிலுள்ள அமைப்புக் கோப்புறையில் நகல் எடுத்து அதை மாற்றுங்கள். கெட்டுப்போனால் நகலை அழித்துவிட்டால் போதும். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

192,000 என்று போடலாமா? போடலாம்தான். கேட்பதற்கு அதனால் பயனில்லை என்பது என் கருத்து. வௌவாலின் ஒலியை அதற்கேற்ற மைக்கில் பிடிப்பவருக்கு வேண்டுமானால் உதவும். பதிவு செய்யும்போது பிட் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 16 பிட்டில் ஒலியின் உயரத்துக்கு 65,536 படிகள். 24 பிட்டில் அதைவிட 256 மடங்கு படிகள் கிடைப்பதால், மெதுவாகப் பேசுபவரின் குரலைப் பின்னர் பெரிதாக்கும்போது இரைச்சல் குறைவாக இருக்கும்.

நீங்களும் சோதிக்கலாம். மடிக்கணினியின் சொந்த மைக்கில் “பாசம், மாசி, பஸ்” என்று சொல்லி 8,000இல் ஒருமுறை, 48,000இல் ஒருமுறை பதிவு செய்து, இரண்டின் அதிர்வெண் படத்தையும் பாருங்கள்.

பாட்டி இப்போது இல்லை. பக்கத்து நிரையில் பால் வெட்டிய தோழி ஒருவரைப் பற்றி அந்தப் பதிவில் நெடுநேரம் பேசுகிறார். அவர் பெயர் ராசம்மாவா, ராதம்மாவா? எத்தனை முறை கேட்டாலும் பிடிபடவில்லை. பாட்டியின் தங்கை சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். அடுத்த விடுமுறையில் கம்பி மைக்கோடு போகிறேன். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட். முதல் கேள்வி அந்தப் பெயர்தான்.