ஒரே சீட்டில் 1, 2, 3: விருப்ப வரிசை வாக்குமுறை நமக்குச் சரிவருமா?

நம் நாட்டில் வாக்குச்சீட்டில் ஒருவருக்கு மட்டுமே அடையாளமிடுகிறோம். மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் வெற்றிதான். இருமுனைப் போட்டியில் இதில் சிக்கலில்லை. பலமுனைப் போட்டியில்தான் வம்பு.

சிங்கப்பூரிலும் இதே முறைதான். அங்கு 2011 அதிபர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர் (நால்வருமே டான்!). டோனி டான் 35.20 விழுக்காடு பெற்று, டான் செங் போக்கை 7,382 வாக்குகளில் வென்றார். மற்ற இருவருக்கும் கிடைத்தது ஏறக்குறைய 30 விழுக்காடு. அந்த வாக்காளர்கள் முதல் இருவரில் யாரை ஏற்றிருப்பார்கள்? வாக்குச்சீட்டு அதைக் கேட்கவே இல்லை.

விருப்ப வரிசை வாக்குமுறை அதைக் கேட்கிறது. இலங்கை அதிபர் தேர்தலில் மூன்று பேர்வரை 1, 2, 3 என எண்ணிடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவர் மட்டும் களத்தில் இருப்பர். மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்து, அவ்விருவருடைய கணக்கில் சேர்ப்பார்கள்.

2024 தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். அவருக்கு 1 போட்டவர், பிடித்த இன்னொருவருக்கு 2 போட்டிருக்கலாம். தன் மனக்குறையையும் சொல்லலாம். ஆளப்போவது யார் என்பதிலும் பங்கு கேட்கலாம். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லாத நமக்கு இது சின்ன விஷயமல்ல. “உங்கள் இரண்டாவது எண்ணையாவது எனக்குக் கொடுங்கள்” என்று எல்லா வேட்பாளரும் தோட்டத்து வாசலுக்கு வந்தாக வேண்டும்.

ஆனால் நடந்தது என்ன? அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும் சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற, இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் சுமார் 33 லட்சம். அவற்றிலிருந்து இவ்விருவருக்கும் வந்து சேர்ந்தவை 2,73,131 மட்டுமே; நூற்றுக்கு எட்டு! அநுர வென்றார். ஆனாலும் செல்லுபடியான மொத்த வாக்குகளில் அவர் பங்கு 43 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். எண் போடும் உரிமை இருந்தும் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் எல்லா வேட்பாளருக்கும் எண்ணிட வேண்டும் என்பது விதி. அங்கே வாக்குகள் இப்படிப் பாதியில் நிற்பதில்லை. ஆனால் எண்கள் தடுமாறினால் சீட்டே செல்லாமல் போகலாம். பத்துப் பேர் நிற்கும் தொகுதியில், எழுதப் பழகாத நம் வீட்டுப் பாட்டி பத்து எண்களையும் பிசகாமல் எழுத வேண்டியிருக்கும்.