பழைய கண்ணாடியும் ஆம்பூர்த் தையலும்

வீட்டு அலமாரிகளில் கிடக்கும் பழைய மூக்குக்கண்ணாடிகளைத் திரட்டி, கண் மருத்துவம் எட்டாத மக்களுக்கு அனுப்பும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியதில் அரிமா சங்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1925இல் ஒகையோவில் கூடிய அவற்றின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளே அவற்றின் கண்நலப் பணிகளுக்கு வித்தாயிற்று. நோக்கம் உயர்ந்தது, ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலாளர்களை மனத்தில் கொண்டு பார்த்தால், நன்கொடைப் பெட்டியில் அவர்களுக்கு உகந்தது கிடைக்குமா என்பது ஐயத்திற்குரியது.

காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். கறுப்புத் தோலில் கறுப்பு நூலால் விளிம்பையொட்டித் தையல் பிசகாமல் ஓட்ட வேண்டிய இவர்களுக்கு, நாற்பது வயதையொட்டி விழியின் வில்லை நெகிழ்ச்சியை இழந்து அருகிலுள்ளவை மங்கித் தெரியும் வெள்ளெழுத்து, செய்தித்தாள் வாசிப்பில் நேரும் சிறு இடையூறாக நின்றுவிடுவதில்லை, கூலியையே தொடுகிறது. அசாமில் தேயிலை பறிக்கும் 751 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்களின் பறிப்புத் திறன் பெறாதவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. தேயிலைக் கொழுந்தைவிடத் தையல் நுண்ணியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழைய கண்ணாடி பொருந்தாமைக்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இரு கண்களுக்கும் பவர் வேறுபடலாம்; விழியின் முன்பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாதவர்களுக்குச் சிலிண்டர் பவரும், அது எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பதைக் குறிக்கும் அச்சும் சேர்கின்றன; கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் ஆளுக்கு ஆள் மாறும். இவை அத்தனையும் முன்பின் அறியாத இன்னொருவருக்கு ஒத்துப்போவது அரிது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளில் 7 விழுக்காடே பயன்படுத்தத்தக்கவை என்றும், தரம் பிரித்துக் கழுவி அளந்து அனுப்பும் செலவையும் சேர்த்தால் புதிய ரெடிமேட் கண்ணாடியே மலிவு என்றும் கண்டது. கொடுப்பவரின் மனநிறைவுக்கு ஆகும் செலவு என்று இதைச் சொன்னால் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். கணக்கு அப்படித்தான் நிற்கிறது.

இந்த வட்டாரத்தில் மருத்துவமே இல்லை என்பதற்கில்லை. 1902இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காக வேலூரில் தொடங்கிய ஷெல் மருத்துவமனை, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாயிற்று. தமிழகத்தின் பிற பகுதிகளில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் முகாம்களில், பரிசோதித்த இடத்திலேயே வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தித் தரும் முறை வேரூன்றியிருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்கு இதுவே ஏற்றது. பழைய கண்ணாடிகளைச் சேகரிப்போர் அந்த உழைப்பையும் பணத்தையும் இத்தகைய முகாம்களுக்குத் திருப்பலாம். முகாமைத் தொழிற்சாலை வாயிலில் மட்டும் வைத்தாலும் போதாது: ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஜோடிக் கணக்கில் கூலி பெற்று வீட்டிலிருந்தே கையால் அப்பர் தைக்கும் பெண்கள் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லாததால், அவர்களைத் தேடித் தெருவுக்குத்தான் செல்ல வேண்டும்.