கணினி விழித்தெழும் வரிசை: எது முன்னே, எது பின்னே?

புதுதில்லி: 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் விமானப் புறப்பாட்டு விவரங்கள் வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைக்கப்பட்டன. அன்று காலை இந்திய நேரப்படி 9.39 மணிக்கு, அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்பில் இருந்த பிழையே இதற்குக் காரணம். உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் கணினிகள் சீரடைய நாள்கணக்கில் ஆனது. பிற மென்பொருள்கள் அனைத்தையும் கண்காணிக்க வேண்டும் என்பதால், பாதுகாப்பு மென்பொருள் தொடக்க வரிசையின் முன்பகுதியில் இடம் பெறுகிறது. இணைய இணைப்போ அதற்குப் பின்னரே வருகிறது. எனவே, திருத்தப்பட்ட கோப்பைப் பெறுவதற்கு முன்பே பல கணினிகள் மீண்டும் மீண்டும் செயலிழந்தன.

இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், கணினியை ‘சேஃப் மோட்’ நிலையில் தொடங்கி அந்தக் கோப்பை நீக்குமாறு அறிவுறுத்தியது. இன்றியமையாத நிரல்கள் மட்டும் இயங்கும் நிலை அது. பெரும்பாலும் ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் நேரில் அமர்ந்தே இதைச் செய்ய வேண்டியிருந்தது.

யுனிக்ஸ் உலகில் இதற்கு இணையானது ஒற்றைப் பயனர் முறை. பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பு (1979) இந்த நிலையிலேயே விழித்தெழும். நிர்வாகி முதன்மை முனையத்தில் வட்டைச் சரிபார்த்து வெளியேறிய பின்னரே தொடக்க ஸ்கிரிப்ட் ஓடும். மற்றவர்கள் உள்நுழைய முடியும்.

பின்னர் வந்த சிஸ்டம் ஃபைவ் மரபில் ஒவ்வொரு சேவைக்கும் தனி ஸ்கிரிப்ட் உருவானது. ‘எஸ்’ என்ற எழுத்தையும் இரண்டு இலக்க எண்ணையும் பெயரின் முன் சேர்த்து வரிசை அமைத்தனர். டெபியன் லினக்ஸில், எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் 20 என்பதே வழக்கம். இதனால் பல சேவைகள் ஒரே எண்ணில் குவிந்தன. அவற்றுள் எது முந்தும் என்பதைப் பெயரின் அகரவரிசையே முடிவு செய்தது. பணியாளர்களைப் பெயர் வரிசைப்படி வேலைக்கு அனுப்புவது போன்ற ஏற்பாடு இது.

எண்ணுக்குப் பதிலாக, ‘எனக்கு முன் இன்னது இயங்கியிருக்க வேண்டும்’ என்று ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தானே அறிவிக்கும் முறையை நெட்பிஎஸ்டி 1.5 பதிப்பு 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. 2011-இல் டெபியன் 6 இத்தகைய முறைக்கு மாறியது. 2015-இல் வந்த டெபியன் 8 பதிப்பில் சிஸ்டம்டி அந்தப் பொறுப்பை ஏற்றது.

ஒற்றைப் பயனர் முறை என்றாலே எந்த ஸ்கிரிப்ட்டும் ஓடாது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. பழைய டெபியனில், வட்டுச் சரிபார்ப்பு, வட்டு இணைப்பு, வலையமைப்பு ஆகியவற்றுக்கான அடிப்படை ஸ்கிரிப்ட்டுகள் இந்த முறையிலும் முதலில் ஓடும். தொலைவில் உள்ள சர்வரின் வட்டு கிடைக்காமல் அவற்றுள் ஒன்று காத்து நின்றால், பழுதுபார்க்க வந்த நிர்வாகியும் வெளியே நிற்க வேண்டியதுதான். அதற்காகவே எந்தத் தொடக்க ஸ்கிரிப்ட்டையும் இயக்காத ‘எமர்ஜென்சி’ நிலை தனியாக உள்ளது. சிஸ்டம்டியும் ‘ரெஸ்கியூ’, ‘எமர்ஜென்சி’ என இவ்விரண்டையும் பிரித்தே வைத்துள்ளது.

இந்த வேறுபாடு இந்திய அரசு அலுவலகங்களுக்கும் தொடர்புடையது. சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பாதுகாப்பு அமைச்சகத்துக்கென உருவாக்கப்பட்ட மாயா, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது என 2023 ஆகஸ்டில் செய்திகள் வெளியாகின. உபுண்டுவும் டெபியன் வழிவந்ததே.

இத்தகைய கணினிகளில் நிகழும் எளிய விபத்து ஒன்று உண்டு. கூடுதல் வட்டு ஒன்றின் பெயரை வட்டு இணைப்புப் பட்டியலில் எழுதிவிட்டு, பின்னர் அந்த வட்டைக் கழற்றிவிட்டால், அடுத்த தொடக்கத்தின்போது சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடிகள் காத்திருந்து எமர்ஜென்சி நிலைக்குச் சென்றுவிடும். பட்டியலில் அந்த வட்டுக்கு நேரே ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் கணினி வழக்கம்போல் எழுந்துவிடும்.

அந்த நிலையில் கட்டளையிட ரூட் கடவுச்சொல் வேண்டும். பாதுகாப்பு கருதி ரூட் கணக்கையே பூட்டி வைத்திருந்தால், டெபியன் நிர்வாகியை உள்ளே விட மறுக்கிறது. 2024 ஜூலையிலும் இதே இடர் எழுந்தது: பிட்லாக்கரால் பூட்டப்பட்ட வட்டுகளைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. சில நிறுவனங்களில், அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வர்களும் அதே நேரத்தில் முடங்கிக் கிடந்தன.