சக்கரத்துக்குக் கிரீஸா, எண்ணெயா?

கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்லும் நீண்ட டிரெயிலர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியதும் அனுபவமுள்ள ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒவ்வொரு சக்கரமாகச் சென்று, அதன் குடத்தின் அருகே புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார். ஒரு குடம் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால் வண்டியை எடுக்க மாட்டார்.

காரணம் உண்டு. டிரெயிலரின் பின்சக்கரங்கள் அவருடைய இருக்கைக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. அங்கே பேரிங் காய்ந்து கத்தினாலும் எஞ்சின் இரைச்சலில் கேட்காது. காய்ந்த பேரிங் சூடேறி டயர் தீப்பற்றலாம். சக்கரமே கழன்று ஓடி, சாலையில் வருபவர்மேல் மோதலாம். ஆகவே குடத்துக்குள் கிரீஸ் வைப்பதா, எண்ணெய் ஊற்றுவதா என்பது உயிரோடு தொடர்புள்ள கேள்வி.

குடத்துக்குள் என்ன இருக்கிறது?

டிரெயிலரின் ஒவ்வொரு குடத்துக்குள்ளும் பெரும்பாலும் இரண்டு பேரிங்குகள் இருக்கும். அவற்றில் இருப்பவை குண்டுகள் அல்ல. ஒரு முனை சற்றுச் சிறுத்த எஃகு உருளைகள். அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் 1898-இல் இத்தகைய பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இது ஒருங்கே தாங்கும்.

உருளையும் அது ஓடும் தடமும் எஃகுதான். இரண்டும் நேராகத் தொட்டு உராயாதபடி இடையில் ஓர் எண்ணெய்ப் படலம் வேண்டும். அதன் தடிமன் தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது! பல டன் பாரம் அந்தப் படலத்தின்மேல்தான் ஓடுகிறது.

கிரீஸும் எண்ணெயே

‘கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய்தானே?’ என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. அது முழு உண்மையன்று. கிரீஸில் பொதுவாக நூற்றுக்கு 70 முதல் 95 பங்கு சாதாரண மசகெண்ணெய்தான். எஞ்சியதில் பெரும்பகுதி ஒருவகைச் சோப்பு. இன்று மிகுதியாகப் பயன்படுவது லித்தியம் சோப்பு. அதன் நுண்ணிய இழைகள் வலைபோல் பின்னிக்கொண்டு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கின்றன.

அகல் விளக்கை நினைத்துப் பாருங்கள். அகலில் இருக்கும் எண்ணெய், அகல் சாய்ந்தால் கொட்டிவிடும். திரியில் ஊறிய எண்ணெய் கொட்டாது. வேண்டிய அளவு மட்டும் கசியும். கிரீஸில் சோப்பு இழைகள்தாம் திரி. நம் ஊர் மாட்டுவண்டிக்காரர்கள் வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சுக்கு ‘மை’ போட்டதும் இதே கருத்தில்தான். அங்கே எண்ணெயைப் பிடித்து வைத்தது கரி.

நீங்களே செய்து பார்க்கலாம். சைக்கிள் கடையில் சிறிது கிரீஸ் வாங்கி, மையொற்றுத் தாளின் நடுவில் சுண்டைக்காய் அளவு வையுங்கள். இரண்டொரு நாளில் அதைச் சுற்றி எண்ணெய் வளையம் ஒன்று படரும். கிரீஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். பேரிங்கிலும் இதுவே நடக்கிறது.

ஒரு சிறு கணக்கு

சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது? மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். லாரி டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3.3 மீட்டர். வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. இயந்திர உலகில் இது மெதுவான வேகமே. இதற்குக் கிரீஸே போதும். குடத்தை அதிகம் சூடாக்குவது பேரிங் அன்று, அதை ஒட்டியுள்ள பிரேக். மலைச்சாலையில் இறங்கும்போது இச்சூடு மிகும். சாதாரண லித்தியம் கிரீஸ் சுமார் 180 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிச் சொட்டத் தொடங்கும். அதற்கு வெகுமுன்பே அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும்.

எண்ணெயின் பக்கம்

அப்படியானால் வட அமெரிக்காவில் பல டிரெயிலர்களின் குடத்தில் ஏன் எண்ணெய் ஊற்றுகிறார்கள்? எண்ணெய் உள்ளே சுழன்று, உருளையின் சூட்டை வாங்கிக் குடத்தின் சுவருக்குக் கடத்துகிறது. குடத்தின் மூடியில் கண்ணாடி போன்ற பகுதி இருப்பதால் எண்ணெய் குறைந்திருப்பதை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். கிரீஸ் போட்ட குடத்தைக் கழற்றினால்தான் உள்நிலை தெரியும்.

குறைகளும் உண்டு. எண்ணெயைக் காப்பது ஆயில் சீல் என்னும் வளையம். அது கிழிந்தால் எண்ணெய் வெளியேறி, பேரிங் காய்ந்துவிடும். கசிந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக்கும் பிடிக்காது. உராய்வு வேண்டாத இடத்தில் அதைக் குறைக்க ஊற்றியது, வேண்டிய இடத்திலும் குறைத்துவிடுகிறது!

மேலும், டிரெயிலர்கள் சில சமயம் வாரக்கணக்கில் நின்றுகிடக்கும். அப்போது எண்ணெய் அடியில் தங்கிவிட, மேல் உருளைகள் உலர்ந்து ஈரத்தில் துருப்பிடிக்கலாம். கிரீஸ் ஒட்டிக்கொண்டிருப்பதால் இந்த அபாயம் குறைவு.

நடுவழி

இரண்டுக்கும் இடையில் கூழ் போன்ற கிரீஸும் உண்டு. கிரீஸின் கெட்டித்தன்மையை அளக்க, 25 டிகிரி வெப்பநிலையில் குறிப்பிட்ட எடையுள்ள கூம்பு ஒன்றை 5 விநாடி அதனுள் இறங்க விடுவார்கள். சக்கரங்களுக்கு வழக்கமான 2-ஆம் எண் கிரீஸில் கூம்பு 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கும். 00 எண்ணுள்ள கூழ்க் கிரீஸில் 40 முதல் 43 மில்லிமீட்டர். சீல் சற்றுப் பழுதானாலும் இது எண்ணெயைப் போல் விரைந்து ஓடிவிடாது. ஆனால் அதன் அளவை மூடி வழியே எளிதில் காண முடியாது.

எது நல்லது?

இப்போது விடை தெளிவு. அன்றாடம் மூடியைப் பார்த்து, சீலை உரிய காலத்தில் மாற்றுபவருக்கு எண்ணெய் நல்லது. அடிக்கடி நின்றுகிடக்கும் வண்டிக்கும், நாள்தோறும் பார்க்க ஆளில்லாத வண்டிக்கும் கிரீஸ் நல்லது. ஆனால் அதையும் உரிய காலத்தில் கழற்றிக் கழுவி, புதிதாக வைக்க வேண்டும். வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலக்கவும் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் சோப்பு வலை குலைந்து எண்ணெய் ஒழுகிவிடும்.

எதைத் தேர்ந்தாலும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். தேநீர் ஆறுவதற்குள் சக்கரங்களைச் சுற்றிவரும் அந்த ஓட்டுநரின் புறங்கை, சாலையில் செல்லும் நம் அனைவரையும் காக்கிறது.