ஒரே சாவியில் ஓர் அலுவலகம்: கணினி வலையமைப்பை மையமாக நிர்வகிப்பது எப்படி?

ஆர்.கே.புரம் (புதுதில்லி):

மத்திய அரசு அலுவலகங்கள் பல இயங்கும் ஆர்.கே.புரம் போன்ற பகுதிகளில் பணியிட மாற்றம் அன்றாட நிகழ்வு. மாற்றலாகிச் செல்லும் ஊழியரிடமிருந்து அறைச் சாவியும் அடையாள அட்டையும் திரும்பப் பெறப்படுகின்றன. அவரது கணினிக் கணக்கை முடக்குவதும் அதே அளவு அவசியமாகும்.

நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனத்தில் ஒவ்வொன்றிலும் தனித்தனியே கணக்கு தொடங்குவதும் நீக்குவதும் நடைமுறையில் இயலாது. இதற்கான தீர்வே மைய நிர்வாக முறை. விண்டோஸ் 2000 சர்வருடன் மைக்ரோசாஃப்ட் அறிமுகம் செய்த 'ஆக்டிவ் டைரக்டரி' இவ்வகையில் பரவலாகப் பயன்படுகிறது.

இம்முறையில் பயனர்கள், கணினிகள் அனைத்தின் விவரங்களும் 'டொமைன் கன்ட்ரோலர்' எனப்படும் சர்வரில் பதிவாகின்றன. ஊழியர் எந்தக் கணினியில் உள்நுழைந்தாலும் அந்தச் சர்வரே அவரைச் சரிபார்க்கிறது. கடவுச்சொல்லின் நீளம், பென்டிரைவ் தடை போன்ற விதிகளை ஒருமுறை வகுத்தால் எல்லாக் கணினிகளுக்கும் அவை பொருந்தும்.

இந்த வசதியே ஆபத்தாகவும் மாறக்கூடும். நிர்வாகியின் கடவுச்சொல் களவுபோனால் மொத்த வலையமைப்பும் பிறர் கைக்குச் சென்றுவிடும். 2017 ஜூனில் 'நாட்பெட்யா' தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் அழிந்தன. கானாவில் மின்தடையால் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்த ஒன்று மட்டுமே தப்பியது. அதைக் கொண்டே வலையமைப்பு மீட்கப்பட்டது.

ஆர்.கே.புரத்துக்கு அருகிலுள்ள தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை, 2022 நவம்பர் 23 அன்று சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டன. நோயாளிகளின் பதிவுப் பணிகள் பல நாட்கள் கையால் எழுதியே மேற்கொள்ளப்பட்டன. வலையமைப்பு முறையாகப் பகுதிகளாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது.

எனவே, நிர்வாகிக் கணக்கை அன்றாடப் பணிக்குப் பயன்படுத்தாமை, இரட்டைச் சரிபார்ப்பு, வலையமைப்பைப் பிரித்து வைத்தல், இணைப்பில் இல்லாத காப்புப் பிரதி ஆகியவை அடிப்படைத் தேவைகளாகும். சைபர் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டுள்ளது.

இவை அனைத்துக்கும் முன்னதாக, செலவின்றிச் செய்யக்கூடிய பணி ஒன்றுள்ளது. ஊழியர் விடைபெறும் நாளிலேயே அவரது கணக்கை முடக்குவதே அது. மைய நிர்வாக முறையில் அதற்குச் சில நிமிடங்களே போதும்.