பலூன் விழாவுக்குப் போகிறீர்களா? விடியும் முன்பே கிளம்புங்கள்

புக்கிட் செலம்பாவ், சுங்கைப் பட்டாணி வட்டார மக்களுக்கு வெப்பக்காற்று பலூன் விழா எட்டாத ஒன்றல்ல. 2009-இல் புத்ராஜெயாவில் நடந்தது போன்ற விழா, 2015-இல் பினாங்கு போலோ திடலுக்கும் வந்தது.

இத்தகைய விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் நேரத்தில் கவனமாக இருக்க வேண்டும். பலூனுக்குள் சூடாகும் காற்று, வெளிக்காற்றைவிட இலேசாவதால்தான் அது மேலெழுகிறது. வெளியே குளிர்ச்சியும் அமைதியும் நிலவும் அதிகாலையே அதற்கு ஏற்றது. வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று நிலையின்றி வீசும், பலூன்களை மடித்துவிடுவார்கள். பசியாறிவிட்டு 10 மணிக்குப் போனால் வெறும் திடல்தான் மிஞ்சும். பினாங்குப் பாலத்து நெரிசலையும் கணக்கில் கொண்டு 5 மணிக்கே புறப்படுங்கள்.

முடியாதவர்கள் இரவுக்காட்சிக்குப் போகலாம். தரையில் கட்டப்பட்ட பலூன்கள் தீச்சுடரில் ஒளிரும் அழகே தனி.

மழையோ பலத்த காற்றோ வந்தால் பயணம் ரத்தாகும். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று வற்புறுத்தாதீர்கள். 2016-இல் அமெரிக்காவின் டெக்சஸில் மோசமான வானிலையில் கிளப்பப்பட்ட பலூன் மின்கம்பியில் மோதி 16 பேர் மாண்டனர். பிள்ளைகளைக் கயிறுகளுக்கு அருகே விடாதீர்கள்.